புறூனோ ஏன் கோப்பையைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறான்?

தங்கச்சி, நீங்கள் எழுதினதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, எட்டு வயது லப்ரடோர் கலப்பு, பெயர் புறூனோ, 20 கிலோ. உண்ணிக் காய்ச்சல், அதிலும் எர்லிக்கியா என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்து, டொக்சிசைக்ளின் என்ற கிருமிகொல்லி மாத்திரை தொடங்கி இன்று ஒன்பதாம் நாள். காய்ச்சல் விட்டுவிட்டது, இரண்டாம் பரிசோதனையில் பிளேட்லெட்டும், அதாவது இரத்தம் உறைய உதவுகிற அணுக்களும், ஏறியிருக்கிறது, தண்ணீர் குடிக்கிறான், வாலும் ஆட்டுகிறான். ஆனால் கோப்பையைக் கொண்டுபோனால் மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கோழி, மீன், ஈரல், கடையில் வாங்கின பொரித்த கோழி, கடைசியில் ரின் மீன் வரைக்கும் வைத்துப் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றும் ஒரு நேரம் ஓடுகிறது, அடுத்த நேரம் இல்லை. மருந்தை அரைத்துச் சோற்றில் கலந்து கொடுக்கிறீர்கள். அம்மா கோப்பையோடு அறை அறையாக அவன் பின்னால் திரிகிறா. "என்ன கொடுத்தால் சாப்பிடுவான்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்ன கொடுப்பது என்பது நாலாவது ஐந்தாவதாக வரவேண்டிய கேள்வி. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில்தான் எனக்குக் கண் நின்றது: மருந்தை அரைத்துச் சோற்றில் கலக்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

நான் மிருக வைத்தியர் இல்லை. தெகிவளையில் ஒரு மிருக வைத்தியரிடம் பதினொரு வருடம் உதவியாளராக நின்றேன், இப்போது வருத்தத்திலிருந்து எழும்புகிற நாய்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறேன். இதில் பாதிக்கு மேல் அந்த டொக்டரிடம் படித்தது, மிச்சம் நானே பிழை விட்டுப் படித்தது.

முதலில், எந்த நிலையில் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு ஓட்டோ பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேல் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள், அதாவது ஈறு. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெள்ளைத்தாள் மாதிரி வெளிறியிருந்தாலோ, மஞ்சள் அடித்திருந்தாலோ, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனாலோ இரவானாலும் காத்திருக்காதீர்கள். எங்கள் நாட்டு நாய்களுக்கு பபேசியா என்ற இன்னொரு உண்ணிக் காய்ச்சல் நிறைய வருகிறது, அது சிவப்பணுக்களையே உடைக்கிற கிருமி, எர்லிக்கியாவோடு சேர்ந்தும் வரும், டொக்சிசைக்ளின் மட்டும் கொடுத்து அதை அடக்க ஏலாது. வயிறு ஊதி, சத்தி எடுக்கப் பார்த்து ஒன்றும் வராமல் தவித்தால் அது இரைப்பை முறுகலாக இருக்கலாம், மணித்தியாலக் கணக்கு. பாமசியில் வாங்குகிற சாதாரண டிஜிட்டல் வெப்பமானியைக் கொஞ்சம் வஸலின் பூசி ஆசனவாய்க்குள் வைத்துப் பார்த்தால் 38.3 இலிருந்து 39.2 பாகைக்குள் இருப்பது சுகம், 40ஐத் தாண்டினால் உடனே போகவேண்டும். தண்ணீரையும் விட்டுவிட்ட நாய், கருப்பை எடுக்காத பெட்டை நாய் சாப்பாட்டை விட்டுத் தண்ணீர் மட்டும் அள்ளிக் குடிப்பது, இன்சுலின் போடுகிற நாய் சாப்பிடாமல் விடுவது, இவையும் அன்றைக்கே காட்ட வேண்டியவை. குட்டிகளுக்கு ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்ற கணக்கே கிடையாது. மூன்று மாதக் குட்டி காலையும் மத்தியானமும் விட்டு, வயிற்றோட்டமும் இருந்தால் அது பார்வோ வைரஸ் என்று நினைத்தே ஓடுங்கள். வளர்ந்த நாய், மற்றப்படி சுறுசுறுப்பு என்றால் ஒரு நாள் பார்க்கலாம், இரண்டு நாளுக்கு மேல் என்ன காரணம் சொல்லியும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

புறூனோவுக்கு இதெல்லாம் இல்லை, டொக்டரும் பார்த்திருக்கிறார். சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

பசி இல்லாத நாய் ஒன்று, பசி இருந்தும் வயிற்றைப் பிரட்டுகிற நாய் இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், கோப்பை நிறைந்தபடியே இருக்கும். வித்தியாசம் இப்படி: பசி இல்லாதது எழும்பியே வராது. பிரட்டுகிறது வரும், ஆவலாகக்கூட வரும், மணக்கும், பிறகு நாக்கால் உதட்டை நக்கும், எச்சில் விழுங்கும், கழுத்தைத் திருப்பும், சில வேளை கோப்பையைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கீழே கூட்டிக்கொண்டு போனால் புல்லைத் தேடும். நீங்கள் எழுதினது இரண்டாவது வகை. டொக்சிசைக்ளின் நல்ல மருந்து, எர்லிக்கியாவுக்கு முதலில் எடுக்கிற மருந்து அதுதான், பொதுவாக 28 நாள் கொடுப்பார்கள். ஆனால் வயிற்றைப் பிரட்டுவதில் பேர் போனது. மனிசருக்கே வெறும் வயிற்றில் போட்டால் தாங்காது.

இதில் நாய் என்ன கணக்குப் போடுகிறது என்று யோசியுங்கள். கோழிச் சோறு சாப்பிட்டது, அரை மணித்தியாலத்தில் ஓங்காளம். அதற்கு மாத்திரை என்றால் என்னவென்று தெரியாது. கோழிச் சோறுதான் குற்றவாளி. ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டுச் சத்தி எடுத்தவருக்கு, வருத்தம் வேறு எதனாலோ வந்திருந்தாலும், பிறகு வருடக்கணக்கில் அந்தப் பிரியாணி வாசமே ஆகாது இல்லையா, அதேதான். நீங்கள் அடுத்த நாள் மீனுக்கு மாறுகிறீர்கள், அதிலும் மருந்து, ஆக மீனும் பட்டியலில் ஏறிவிட்டது. பிறகு ஈரல், பிறகு ரின் மீன். ஒவ்வொன்றும் ஒரு நேரம் மட்டும் ஓடியது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? ஒன்பது நாளில் நல்ல சாப்பாடுகளை ஒவ்வொன்றாக நீங்களே கெடுத்து வைத்திருக்கிறீர்கள். கோபிக்க வேண்டாம், நானும் இதைச் செய்திருக்கிறேன். என்னுடைய பெட்டை நாய்க்கு மெட்ரோனிடசோலை முட்டையில் ஒளித்து வைத்தேன், உலகத்திலேயே கசப்பான மாத்திரை அதுதான் என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு அவள் சாகும்வரை முட்டை தொடவில்லை.

ஆகவே இன்றிலிருந்து மருந்து வேறு, சாப்பாடு வேறு. மருந்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, வடிவாக வாசியுங்கள், ஒரு நாளும் உங்கள் பாட்டில் நிறுத்தக் கூடாது. டொக்டருக்கு அழைப்பெடுத்து இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ஒரே தரமாகக் கொடுக்கிற அளவைக் காலை மாலை என்று இரண்டாகப் பிரிக்கலாமா. பல டொக்டர்மார் அப்படித்தான் கொடுப்பார்கள், ஒரே தரத்தில் விழுகிற பாரம் குறையும். இரண்டாவது, ஓங்காளத்தை நிறுத்த மரோபிடன்ட் அல்லது ஒண்டான்செட்ரோன் கொடுக்கலாமா. நாய் வாயைத் திறந்து சத்தி எடுக்காததால் இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. சத்தி இல்லாமலே பிரட்டல் இருக்கும். என் அனுபவத்தில் சமையல் பண்ணிப் பண்ணி அலுத்துப்போன வீடுகளில் பாதிக்கு இந்த ஒரு மாத்திரைதான் பதிலாக இருந்தது. அது கொடுத்தும் சாப்பிட வராவிட்டால் பசியைத் தூண்டுகிற மிர்டாசபின் போன்றவை இருக்கின்றன, ஆனால் பிரட்டலை நிறுத்தாமல் பசியை மட்டும் தூண்டுவது நாயைப் படுத்துகிற வேலை.

மாத்திரையைக் கொடுக்கிற முறை: வாழைப்பழம் போல, அவனுடைய நேரச் சாப்பாட்டில் எப்போதும் வராத ஒன்றை எடுத்து மூன்று சிறு உருண்டை பிடியுங்கள். முதல் உருண்டை வெறும் பழம். இரண்டாவதில் மாத்திரை, முழுசாக, அரைக்காமல். அது வாயில் இருக்கும்போதே மூன்றாவதை மூக்குக்கு முன்னால் காட்டுங்கள், அதைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டாவதை விழுங்கிவிடுவான். டொக்சிசைக்ளின் தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டு நின்றால் புண்ணாக்கும், ஆகையால் பின்னால் கட்டாயம் ஏதாவது ஈரமாக உள்ளே போக வேண்டும். பாலிலோ தயிரிலோ வைத்துக் கொடுக்காதீர்கள், சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரும்புச் சத்து டொனிக் கொடுத்திருந்தால் அதையும் இரண்டு மூன்று மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள், அதே காரணம்தான். அப்புறம் பப்பாசி இலைச் சாறு. நீங்கள் எழுதவில்லை, ஆனால் பிளேட்லெட் என்ற சொல் காதில் விழுந்தால் கொழும்பில் யாராவது ஒருவர் டெங்கு ஞாபகத்தில் பப்பாசி இலையோடு வந்து நிற்பார். கசப்பு. பிரட்டுகிற நாய்க்கு இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது.

அடுத்தது அம்மா. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் பாசத்தில் செய்கிற வேலை. ஆனால் அம்மா கோப்பையோடு பின்னால் திரிவதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். பிரட்டுகிற ஒருவனுக்கு அந்த வாசம் அறை அறையாகப் பின்னால் வருகிறது, போதாக்குறைக்கு வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்க்கிறார்கள். நாய்கள் முகம் பார்க்கிற சாதி. எல்லாரும் பயந்த முகத்தோடு நிற்கிற இடத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். நான் வைக்கிற ஒழுங்கு இது: கோப்பையை வைத்துவிட்டு அறையை விட்டு வந்துவிடுவேன். பதினைந்து நிமிடம். பிறகு போய், சாப்பிட்டானோ இல்லையோ ஒன்றும் கதைக்காமல் தூக்கிவிடுவேன். "ஐயோ என்ர ராசா, ஒரு வாய்" எல்லாம் கிடையாது. அடுத்த நேரம் வரும்வரை வாசமே வீட்டில் இருக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் எப்போதும் நிரப்பி இருக்கும்.

வலுக்கட்டாயமாக வாயைத் திறந்து ஊட்டுவது, ஊசி இல்லாத சிரிஞ்சால் கஞ்சியை அடிப்பது, இரண்டும் வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போனால் நியூமோனியா, பிறகு உண்ணிக் காய்ச்சலை விட அதுதான் பெரிய வருத்தமாகிவிடும். ஒரு விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து உதட்டில் பூசலாம், முன்னங்கால் பாதத்தில் வைக்கலாம், நாய் தானாக நக்கும், நக்கின ருசியில் சில வேளை கோப்பைக்கு வரும். இரண்டு தரம் பூசியும் தலையைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான். கையால் ஊட்டுவது பற்றி ஆளுக்கு ஆள் ஒன்று சொல்வார்கள். என் எண்ணம், முதல் ஒன்றிரண்டு நாள் முதல் இரண்டு வாயைக் கையில் கொடுத்து மிச்சத்தைக் கோப்பைக்கு இறக்கலாம், பத்து நாள் கையில் கொடுத்தால் கை இல்லாமல் சாப்பிடாத நாய் ஒன்றைத்தான் வளர்ப்பீர்கள்.

இடத்தையும் மாற்றுங்கள். இவ்வளவு நாளும் குசினி மூலையில் மருந்துச் சாப்பாடு தின்றவன், அந்த மூலையே அவனுக்கு ஆகாது. பல்கனியிலோ வாசல் பக்கமோ வையுங்கள். ஆழமான எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பதிலாகத் தட்டையான பீங்கான். கழுத்துப்பட்டியில் தொங்குகிற தகடு பாத்திரத்தில் கிணுகிணு என்று அடிப்பதே சில நாய்களுக்கு அரியண்டம். தொடர்மாடி வீடுகளில் இன்னொன்று இருக்கிறது, ஒருவரும் யோசிப்பதில்லை: வழுக்குகிற தரை ஓடு. எட்டு வயது, நாரியில் நோ இருக்கலாம், வருத்தத்தில் தசையும் வற்றியிருக்கும், குனிந்து சாப்பிடும்போது முன்னங்கால் வழுக்குகிறது, ஆகவே நிற்காமல் போய்விடுகிறான். ஒரு பழைய சாக்கை விரித்து, கோப்பையை ஒரு சின்ன வாங்கில் முழங்கை உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். ஒரு சாக்குத் துண்டால் சாப்பிடத் தொடங்கின கிழட்டு நாய்களை நான் கண்டிருக்கிறேன்.

நேரமும் முக்கியம். மத்தியானம் ஒரு மணி வெயிலில் கொழும்பில் நமக்கே சாப்பாடு இறங்காது. காலை ஆறு மணி, பிறகு வெயில் தாழ. மரைன் டிரைவ் பக்கம் பத்து நிமிடம் கடற்காற்றில் நடத்தி, வந்து அரை மணித்தியாலம் ஆறவிட்டுக் கொடுங்கள். பக்கத்து வீட்டில் அவனுக்குப் பழக்கமான நாய் ஏதும் இருந்து, அது முன்னால் நின்று சாப்பிட்டால் இன்னும் நல்லது. போட்டி என்று வந்தால் பிரட்டலைக்கூட மறந்துவிடுவார்கள்.

இப்போதுதான் என்ன கொடுப்பது. நாயின் நாக்கில் சுவை மொட்டுகள் ஏறத்தாழ 1,700தான், நமக்கு 9,000 அளவில். ருசிக்கு உப்பும் உறைப்பும் போடுகிற வேலை அங்கே எடுபடாது, மூக்குத்தான் சாப்பிடுகிறது. பிரிட்ஜிலிருந்து எடுத்த கோழிக்கு வாசமே இல்லை. உடம்புச் சூட்டுக்கு, அதாவது உள்ளங்கையில் வைத்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கிற அளவுக்குச் சூடாக்கினால் போதும், வாசம் எழும்பும். மைக்ரோவேவில் வைத்தால் நன்றாகக் கிளறிவிட்டுக் கொடுங்கள், நடுவில் ஒரு இடம் கொதித்துக்கொண்டிருக்கும், வாய் சுட்டால் அதுவும் பட்டியலில் சேர்ந்துவிடும். ஆனால் ஒன்று, பிரட்டல் நிற்காத நாய்க்கு வாசம் எதிரி, அப்போது ஆறின சாப்பாடுதான் இறங்கும். இரண்டையும் வைத்துப் பாருங்கள், அவன் சொல்லுவான்.

தோலில்லாக் கோழி நெஞ்சுப் பகுதியை வெறும் தண்ணீரில் அவித்து, எலும்பு பார்த்து எடுத்து, நன்றாகக் குழைந்த வெள்ளைச் சோறு. அவித்த தண்ணீரில் மேலே மிதக்கிற கொழுப்பை, ஆறவைத்தால் படலமாக நிற்கும், அதை எடுத்துவிட்டு மிச்சத்தில் கொஞ்சம் ஊற்றுங்கள். கோழி ஏற்கெனவே பட்டியலில் இருப்பதால் நீங்கள் புதிதாக ஒன்றில் தொடங்குவது நல்லது: எண்ணெய் விடாமல் கிளறின முட்டை, இல்லையென்றால் பாரை, சூரை மாதிரி இதுவரை மருந்து கலந்து வைக்காத ஒரு வகை மீனை அவித்து முள் எடுத்தது. கோழியையும் பட்டியலில் ஏறின மற்றவற்றையும் இரண்டு கிழமை கண்ணில் காட்டாதீர்கள், பிறகு தானாக மன்னிப்பான். அதற்குப் பிறகு அவித்த ஈரலை ஒரு நகத்தளவு நசித்து மேலே தூவலாம். மாசித்தூள் ஒரு சிட்டிகை தூவுவது எனக்குக் கைகொடுத்த வித்தை, வாசம் குசினியைத் தாண்டிப் போகும், ஆனால் உப்பு இருக்கிறது, சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. ரின் மீன் என்றால் தண்ணீரில் அலசி. சூப் கட்டி கரைத்து ஊற்றாதீர்கள், அதில் உப்போடு வெங்காயத்தூளும் இருக்கும்.

வெங்காயம் என்றதும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடுகளில் "கொஞ்சம் கறிக் குழம்பு ஊற்றினால் தின்னும்" என்பது பெரிய நம்பிக்கை. தின்னும்தான். ஆனால் வெங்காயமும் உள்ளியும் பச்சையாக இருந்தாலும் வெந்தாலும் பொடியானாலும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் வற்றின நாய்க்கு அதைக் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற கதை. தேங்காய்ப்பால் சொதி, பொரித்த கோழித் தோல், இந்தக் கொழுப்பெல்லாம் கணையத்தை வீங்கவைக்கலாம். பொரித்த கோழியை இனி வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். முந்திரிகை வத்தல், சொக்லட், சீனிக்குப் பதிலாக சைலிட்டோல் போட்ட இனிப்புகள், சமைத்த கோழி எலும்பு, இவை எந்த நாய்க்கும் எந்த நாளும் இல்லை. அப்படியே பனடோலும் இல்லை. காய்ச்சல் என்று நினைத்து அரைப் பனடோல், நோவுக்கு டைக்ளோபெனக், இப்யூபுரோஃபென் கொடுத்து, இரத்தமாகச் சத்தி எடுத்த நாய்களைக் காலிவீதியில் ஓட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் மறக்கமாட்டேன்.

அளவு. இதில்தான் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். ஓய்ந்து படுத்திருக்கிற நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி என்பதற்கு ஒரு லேசான கணக்கு உண்டு: எடையை 30 ஆல் பெருக்கி 70ஐக் கூட்டுங்கள். 20 கிலோவுக்கு 670. அவித்த கோழி நெஞ்சு 100 கிராமில் 165, சோறு 100 கிராமில் 130. ஆக 200 கிராம் கோழியும் 250 கிராம் சோறும் போனால் நாள் முடிந்தது. மீனுக்கும் கிட்டத்தட்ட இதே அளவைப் பிடியுங்கள், வெறும் மீனில் கொஞ்சம் கலோரி குறையும், பரவாயில்லை. ஆனால் ஒன்பது நாள் ஒழுங்காகச் சாப்பிடாதவனுக்கு முதல் நாளே இதை வைக்கக் கூடாது. முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, அதையும் ஐந்து நேரமாகப் பிரித்தால் ஒரு நேரத்துக்கு இரண்டு மேசைக்கரண்டிதான். உங்களுக்கு அது பூனைச் சாப்பாடு மாதிரித் தெரியும். நோக்கமே அதுதான், கோப்பை காலியாகி அவன் இன்னும் கேட்கிற மாதிரி நிமிர்ந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அதற்கு மேல் வைக்காதீர்கள், அடுத்த நேரத்துக்குக் காத்திருக்கட்டும். மூன்று நாலு நாளில் முழு அளவுக்கு வரலாம். இந்தச் சோறும் மீனும் இரண்டு கிழமைக்கு மேல் மட்டுமே ஓடினால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் போகும், பிறகு அவனுடைய வழக்கமான சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

வழக்கமான சாப்பாடு பையில் வருகிற உலர் தீனி என்றால் அந்தப் பையை ஒருமுறை மணந்து பாருங்கள். கொழும்புப் புழுக்கத்தில் திறந்த பை ஒரு மாதத்தில் சிக்கெண்ணெய் நாறும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பெரிய பையை வாங்கி மாதக்கணக்கில் இழுப்பதும், கடையில் கிலோக் கணக்கில் பிரித்து விற்பதை வாங்குவதும் பழக்கமாகிவிட்டது. நாய் முகம் சுளித்தால் சில வேளை அதுதான் சரி, நாம்தான் பிழை. சின்னப் பை, காற்றுப் புகாத டப்பா, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறல்.

வேறு நாய்களோடு இதை வாசிக்கிறவர்களுக்கும் இரண்டு மூன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா நாயும் புறூனோ இல்லை.

சாப்பாட்டை வாயில் எடுத்துக் கீழே போடுவது, ஒரு பக்கத்தால் மட்டும் சப்புவது, இது வாய் நோ. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா நாயைக் கொண்டுவந்தா, மகன் வெளிநாடு போய் நாலு நாள், நாய் அந்தக் கவலையில் சாப்பிடவில்லை என்று அழுகை. டொக்டர் வாயைத் திறந்தார், மேல் அண்ணத்தில் இரண்டு கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் குறுக்காக ஒரு ஆட்டெலும்புத் துண்டு இறுகி நின்றது. எடுத்த அன்றைக்கே சாப்பிட்டது. மகன் கவலை பொய் என்று சொல்லவில்லை, நாய்கள் ஆளைத் தேடிச் சாப்பாட்டை விடும், ஆனால் அதைக் கடைசிக் காரணமாக வையுங்கள். இதில் ஒரு கவனம்: தடுப்பூசி போடாத நாய், அல்லது தெரு நாய், வாயைத் தொங்கவிட்டு எச்சில் வடித்து விழுங்க முடியாமல் நின்றால், குணமும் மாறியிருந்தால், எலும்பு தேடிக் கையை உள்ளே விடாதீர்கள். விசர்நாய் நோய் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது.

பத்து வயதுக்கு மேல், நிறையத் தண்ணீர் குடிக்கிறது, நிறையச் சிறுநீர், வாயில் ஒரு கெட்ட வாடை, மெலிகிறது என்றால் சிறுநீரகம் பார்க்க வேண்டும். அங்கே நான் மேலே சொன்ன மீனும் ஈரலும் மாசியும் பொருந்தாது, பொஸ்பரஸ் கூடும். எந்த வருத்தம் என்று தெரியாமல் வித்தையை எடுக்கக் கூடாது என்பது இதனால்தான். மூட்டு நோவுக்கு மெலொக்சிகாம் குடிக்கிற நாய் திடீரென்று சாப்பாட்டை விட்டால், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் டொக்டரை அழையுங்கள், வயிற்றுப் புண்ணின் முதல் அடையாளம் பல வேளை அதுதான்.

பக்கத்து ஒழுங்கையில் பெட்டை நாய் பருவத்தில் இருந்தால் ஆண் நாய் இரண்டு நாள் சாப்பிடாது, அதற்கு வைத்தியம் இல்லை. சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, டிசம்பர் 31 வெடிச் சத்தத்தில் கட்டிலுக்குக் கீழே போனது அடுத்த நாள் பின்னேரம் வரும். அப்புறம் சின்னப் பொமரேனியன் வைத்துக்கொண்டு "எங்கட செல்லம் ஒன்றுமே சாப்பிடுவதில்லை" என்கிறவர்கள்: ஒரு மாரி பிஸ்கட் இருபது கலோரிக்கு மேல், அப்பப்பா எட்டுப் பிஸ்கட் கொடுத்திருந்தால் ஐந்து கிலோ நாய்க்கு நாளின் பாதிச் சாப்பாடு அங்கேயே முடிந்தது. அந்த நாய் பட்டினி கிடக்கவில்லை.

புறூனோவுக்குத் திரும்ப வருகிறேன். ஒரு கொப்பி எடுத்து, எத்தனை மணிக்கு என்ன வைத்தீர்கள், எவ்வளவு போனது, மருந்து எப்போது, சத்தி, மலம், சிறுநீரின் நிறம், காலையில் வெப்பநிலை, எல்லாவற்றையும் எழுதுங்கள். "கொஞ்சம் சாப்பிட்டான்" என்று எழுதாமல் இத்தனை கரண்டி என்று எழுதுங்கள், அம்மாவின் கொஞ்சமும் உங்கள் கொஞ்சமும் ஒன்றில்லை. ஓங்காள மருந்து தொடங்கி மூன்று நாளில் அந்த 670இல் பாதியையாவது தொடவில்லை என்றால் கொப்பியோடு டொக்டரிடம் போய், பபேசியாவுக்கும் ஒருமுறை இரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், குழாய் வழியாக உணவு கொடுப்பது பற்றியும் கேளுங்கள். குழாய் என்றதும் பயப்பட வேண்டாம், கழுத்துப் பக்கம் சின்னக் குழாய் வைத்து வீட்டிலேயே கஞ்சியும் மருந்தும் கொடுத்து எழுப்பின நாய்கள் நிறைய இருக்கின்றன, வாயில் போராடுவதைவிட நாய்க்கு அது லேசு.

வீட்டில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுக்கிறது இனி நீங்கள் மட்டும், பல்கனியில் இல்லை, வேறு அறையில். கோப்பை வைக்கிறது அம்மா மட்டும். வைத்துவிட்டு வந்து உங்களோடு இருந்து ஒரு ரீ குடிக்கச் சொல்லுங்கள், அதற்குப் பதினைந்து நிமிடம் சரியாக வரும்.